கணப்பும் வற்றலும்

மார்கழிப் பனிக்கே போர்வையைத் தேடும் நமக்கு, டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கி 40 நாட்கள் நீடிக்கும் ‘சில்லை கலான்’ என்னும் கடுங்குளிர்ப் பருவத்தில், வயல் வேலையும் வருமானமும் ஒருங்கே ஓய்ந்துபோக, காஷ்மீரத்துக் கிராமக் குடும்பங்கள் எவ்வாறு ஜீவனம் நடத்துகின்றன என்பது ஆச்சரியமாகவே தோன்றும். அதன் பின்னரும் 20 நாள் ‘சில்லை குர்த்’, 10 நாள் ‘சில்லை பச்சா’ என்று, குளிர் படிப்படியாகத்தான் விடைபெறுகிறது.

இக்காலத்தில் அவர்களுக்கு உற்ற துணை காங்ரி: மிலாறுகளால் பின்னிய கூடைக்குள் பொருத்திய மண்சட்டி. இலையுதிர் காலத்தில் சினார் மரத்தடியில் குவியும் சருகுகளைக் கூட்டி, எரித்து, சாம்பலாகிப் போகுமுன் நீர் தெளித்து அணைத்துச் சேமித்த கரியை அதில் இட்டு, மேலே தணலை வைத்து மெல்லச் சாம்பலால் மூடிவிட்டால், ‘பெரன்’ என்னும் தொளதொளத்த அங்கிக்குள் அது பல மணி நேரம் கனன்றுகொண்டே இருக்கும்.

ஆகாரத்துக்கும் இதே முன்யோசனைதான். கோடையில் மலிவாய்க் கிடைக்கும் கத்தரிக்காய், சுரைக்காய், தக்காளி ஆகியவற்றை நறுக்கி, நூலில் கோத்து, வெயிலில் உலர்த்தி வைத்த ‘ஹோக் ஸ்யூன்’ என்னும் வற்றலே, பனியால் பாதை அடைபடும் நாட்களில் குழம்பாகிறது.

காங்ரியால் அபாயமும் உண்டு. ஓயாத சூட்டினால் தோலில் புற்றுநோய் வருவதை வைத்தியர்கள் நெடுங்காலமாகவே அறிவர். ஆயினும், சருகையும் வெயிலையும் மூலதனமாக்கிக்கொண்ட அந்தச் சிக்கனம் நாம் மதித்துக் கற்கத்தக்கதே.