கடற்கரைக் காதற் படங்களின் கதைப்பின்னல்

புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக் குடாநாட்டுக்கு வடபால், களப்பின் வாயிலுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்றிட்டுத் தொடரில் அமைந்தது உச்சமுனை. ஏர் பிடித்து உழுவதற்கு ஆங்கு நிலமில்லை, கடலே விளைநிலம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும், அது தணிந்த பின்னர் வாடிகள் எழும், வள்ளங்கள் இறங்கும். தமிழும் சிங்களமும் ஒருங்கே வழங்கும் கரை இது. கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் ஒரே மணலில் வலை உலர்த்துவர். புறத்தே காண்பார்க்குக் காதற் கதைக்கு ஏற்ற களமாகவே இது தோன்றும். நிலவும் மணலும் அலையும் ஆங்குக் குறைவற உள.

எனினும், இக்கரைகளின் வாழ்வை நெருங்கி நோக்குவார் முதற்கண் காண்பது நிலவையன்று, முன்பணத்தை. வள்ளமும் வலையும் பெரும்பாலும் முதலாளி ஒருவர் கொடுத்த பணத்தால் வாங்கப்படுகின்றன. அப்பணத்துக்கு ஈடாகப் பிடிபடும் மீனை அவருக்கே விற்றல் வேண்டும். விலை கூறுபவரும் அவரே. ஆகவே, கடலில் நீந்திக்கொண்டிருக்கும் மீனுக்கு வலையில் விழுமுன்னரே உடையவர் ஒருவர் இருக்கின்றார். இவ்வொரு செய்தியை மனங்கொண்டால், கடற்கரையைக் களமாகக் கொண்ட சிறந்த காதற் படங்களின் கதைப்பின்னல் தெளிவாக விளங்கும். அவற்றில் காதல் உயிராக நிற்கலாம். கதையை நடத்துவது கடன்.

பழந்தமிழர் நாடகக் கதையின் வளர்ச்சியை ஐந்து சந்திகளாகப் பகுத்தனர். முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என அவற்றைச் சிலப்பதிகார உரையுள் அடியார்க்குநல்லார் விளக்குகின்றார். உழுத புலத்தில் இட்ட வித்து முளைப்பது முகம், இலை விட்டு வளர்வது பிரதிமுகம், கதிர் கருக்கொள்வது கருப்பம், முற்றுவது விளைவு, அறுத்து உண்பது துய்த்தல். முழுவதும் மருத நிலத்து உவமை. விதைத்தவனே அறுப்பான் என்னும் நம்பிக்கை இவ்வுவமையின் அடியில் உளது. நெய்தல் நிலத்திலோ விதைப்பு என ஒன்றில்லை. அறுவடையும் முன்னரே ஈடு வைக்கப்பட்டிருக்கின்றது. ஆதலின், கடற்கரைக் கதை இவ்வைந்து சந்திகளையும் ஏற்குமாயினும், அதன் துய்த்தல் முகத்திலேயே பிறர்க்கு எழுதிக் கொடுக்கப்பட்டு விடுகின்றது.

இதற்குத் தலைசிறந்த சான்று 1965ஆம் ஆண்டில் ராமு காரியாட் இயக்கிய ‘செம்மீன்’ என்னும் மலையாளப் படம். தகழி சிவசங்கரப் பிள்ளை 1956இல் வெளியிட்ட நாவலே அதன் மூலம். அந்நாவலைச் சுந்தர ராமசாமி தமிழாக்கியமையால் தமிழ் வாசகர்க்கும் அது அறிமுகமானது. இந்தியக் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தைத் தென்னாட்டுக்கு முதன்முறையாகக் கொணர்ந்த படமும் இதுவே. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவும் சலில் சௌதுரியின் இசையும் பலராலும் பாராட்டப்பெற்றன. அவற்றின் அழகிலே மயங்கிக் கதையின் எலும்புக்கூட்டைக் காணாது விட்டாரும் பலர்.

கதை யாவரும் அறிந்ததே. செம்பன்குஞ்ஞு என்னும் மீனவனின் மகள் கறுத்தம்மா. அவளுக்கும் முஸ்லிம் வணிக இளைஞனாகிய பரீக்குட்டிக்கும் காதல் அரும்புகின்றது. சமயமும் குலமும் இடைநிற்க, அவள் பழனி என்னும் திறம் மிக்க, சுற்றமற்ற மீனவனுக்கு மனைவியாகின்றாள். ஈற்றில் மூவரும் மாள்கின்றனர். இங்ஙனம் சுருக்கிக் கூறின், ஒன்றுசேரக் கூடாத இருவரின் துன்பக் கதை எனத் தோன்றும். சமயத் தடையே கதையின் முடிச்சு என்று கூறுவாரும் உளர். அது பாதி உண்மை. தடை இருவரையும் பிரிக்கப் போதுமானது. பிரிந்தவரை மீண்டும் ஒரே கரையில் கொண்டு நிறுத்த அத்தடையால் இயலாது. கதைக்கு இரண்டாவது இயக்கமே இன்றியமையாதது.

அவ்வியக்கத்தைத் தருவது தோணிக் கடன். தகழி இதனை எவ்வளவு முன்னதாக நட்டு வைக்கின்றார் என்பது வியக்கத்தக்கது. கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் சிரித்துப் பேசும் தொடக்கப் பேச்சிலேயே, தந்தை தோணியும் வலையும் வாங்க இருப்பதையும், பணம் போதாமையையும் அவள் கூறுகின்றாள். பணம் தந்தால் மீனைத் தனக்கு விற்பாரோ என அவன் கேட்கின்றான். காதலின் முதற் சொல்லும் வாணிகத்தின் முதற் சொல்லும் ஒரே மூச்சில் பிறக்கின்றன. முகம் என்னும் சந்தி இதுவே. இட்ட வித்து எது என்று பார்வையாளர் அப்போது அறியார்.

செம்பன்குஞ்ஞு அப்பணத்தைப் பெறுகின்றான்; இரவோடிரவாக உலர்மீனையும் பெறுகின்றான்; தோணி கரையில் ஏறுகின்றது. மீன் வந்தபோதோ சொன்ன சொல்லை மறக்கின்றான். பரீக்குட்டி முதலிழந்து நொடிக்கின்றான். இவ்விடத்தில் கறுத்தம்மா தாயிடம் மீண்டும் மீண்டும் கேட்பது ஒன்றே: அக்கடனைத் தீர்க்க வேண்டும். தீர்த்துவிட்டால் தன் மனத்தைத் தான் அடக்கிக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். தீர்க்கப்படாமையால் பரீக்குட்டி அவளுக்குக் காதலன் மட்டுமல்லன். தன் குடும்பத்தால் வஞ்சிக்கப்பட்டவனும் ஆகின்றான். காதலை மறக்கும் உரிமை ஒருத்திக்கு உண்டு. வஞ்சனையை மறக்கும் உரிமை இல்லை. மணமாகி வேற்றூர் சென்ற பின்னும் அவள் நெஞ்சில் அவன் நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம். கருப்பம் என்னும் சந்தி இங்கு அமைகின்றது.

நாவலாசிரியர் இதனோடு மற்றொரு நூலையும் முறுக்குகின்றார். கடலன்னையின் சீற்றம் பற்றிய மீனவர் நம்பிக்கை அது. கணவன் கடலில் இருக்கையில் கரையில் இருக்கும் மனைவி கற்பு நெறியில் நின்றால்தான் அவன் உயிரோடு மீள்வான் என்பது அந்நம்பிக்கை. தாய் சக்கி அதனை மகளுக்கு இளமையிலேயே ஓதுகின்றாள். பழனி கடலில் சுறாவுடன் போராடி மாண்ட அதே இரவிலே கரையில் கறுத்தம்மா பரீக்குட்டியைத் தழுவுகின்றாள். மறுநாட் காலையில் இருவர் உடலும் கை கோத்தபடி கரையொதுங்குகின்றன. தூண்டில் விழுங்கிய சுறாவும் வேறோரிடத்தில் ஒதுங்குகின்றது. நம்பிக்கை பலித்தது போன்றே படம் முடிகின்றது.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. இம்முடிவு அந்நம்பிக்கைக்குச் சான்று பகர்கின்றதா? பகருமாயின், கடலில் மாளும் ஒவ்வொரு மீனவனின் இறப்புக்கும் கரையில் இருக்கும் ஒரு பெண் குற்றவாளி ஆவாள். இது வெறும் இலக்கிய வினா அன்று. விதவையின் கண்ணீருக்கு மேல் பழியையும் சுமத்தும் வழக்கத்தைக் கலை உறுதி செய்கின்றதா என்பதே கேள்வி. படத்தைக் குறை கூறியவர்கள் இவ்விடத்திலேயே குறை கூறினர். அவர் கூற்றில் பொருள் உண்டு. ஒளியும் இசையும் அவ்விரு நிகழ்ச்சிகளையும் மாறி மாறிக் காட்டும்போது, ஒன்று மற்றொன்றின் காரணம் என்றே கண்டார் நெஞ்சம் கொள்ளும்.

ஆயினும், கதைப்பின்னலைக் கண்ணி கண்ணியாக ஆராயுமிடத்து வேறோர் உண்மை புலப்படும். பழனி அன்றிரவு ஏன் தனித்துக் கடல் புக்கான்? உடன் தொழில் செய்வோர் அவனைத் தோணியில் சேர்த்துக்கொள்ளாமையால். ஏன் சேர்க்கவில்லை? மனைவியைப் பற்றி ஊரில் அலர் எழுந்தமையால். அலர் வலுத்தது எதனால்? சக்கி இறந்த செய்தியைச் சொல்லப் பரீக்குட்டி அவள் இல்லம் வந்தமையால். பரீக்குட்டி வர நேர்ந்தது ஏன்? மகளைத் துறந்த செம்பன்குஞ்ஞு செய்தி அனுப்பாமையால். கறுத்தம்மாவுக்கு உடன்பிறந்தானாக இருக்குமாறு சக்கி அவனை வேண்டியிருந்தமையால். தோணி பல ஆட்களின் கருவி. தூண்டில் ஒருவனின் கருவி. கூட்டத்தால் விலக்கப்பட்டவன் தூண்டிலோடு தனியே சென்றான். பெருஞ்சுறா அகப்பட்டபோது துடுப்புப் பிடிக்க இரண்டாம் கை இல்லை. கடலன்னையை இச்சங்கிலியிலிருந்து நீக்கினும் ஒரு கண்ணியும் அறாது. ஊராரின் அலரையோ செம்பன்குஞ்ஞுவின் பேராசையையோ நீக்கினால் சங்கிலி முழுதும் அறும். படம் தன் காட்சியால் ஒன்றைக் கூறுகின்றது. தன் கதைப்பின்னலால் மற்றொன்றைக் கூறுகின்றது. பின்னதே மெய்.

அகப்பொருள் மரபறிந்தார்க்கு இதில் புதுமை தோன்றாது. அலர் என்பது சங்கச் செய்யுளில் தலைவியை வருத்துவதோடு அமையாது, வரைவு கடாவுதற்கும் வழி செய்யும். நொதுமலர் வரைவும் இற்செறிப்பும் அறத்தொடு நிற்றலும் கதையை மணத்தின்பால் நகர்த்தும் துறைகள். நெய்தலுக்கு இரங்கல் உரிப்பொருள் எனினும், அவ்விரங்கல் பெரும்பாலும் தலைவன் வருவான் என்னும் எதிர்பார்ப்போடு கூடியது. செம்மீனில் அதே அலர் மணத்துக்குப் பின்னர் எழுகின்றது. ஆகவே அது நகர்த்துவதற்குத் திசை ஒன்றுமில்லை; அழிவு ஒன்றே எஞ்சுகின்றது. பழைய துறையை இடம் மாற்றி வைத்தமையால் இன்பியல் துன்பியலானது.

இனிக் கற்பிட்டிக் கரைக்கு மீளலாம். 1978ஆம் ஆண்டில் தர்மசேன பத்திராஜ இயக்கிய ‘பம்பரு ஆவித்’ என்னும் சிங்களப் படம் இக்கரையின் மீனவர் சிற்றூரைக் களமாகக் கொண்டது. ‘குளவிகள் வந்துவிட்டன’ என்று அதன் பெயரைத் தமிழிற் கூறலாம். பத்திராஜ தமிழர்க்கு அயலார் அல்லர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகப் பணியாற்றியவர், 1977இல் ‘பொன்மணி’ என்னும் தமிழ்ப் படத்தை இயக்கியவர், 2018இல் மறைந்தார்.

பம்பரு ஆவித் படத்தில் விஜய குமாரணதுங்க நடித்த விக்டர் என்னும் இளைஞன் நகரிலிருந்து தோழருடன் மீன் வாணிகம் நாடி அவ்வூருக்கு வருகின்றான். ஜோ அபேவிக்கிரம நடித்த அன்ரன் அங்கு ஏற்கெனவே வேரூன்றிய முதலாளி. மாலினி பொன்சேகா நடித்த ஹெலன் அவ்வூர்ப் பெண். சிறில் என்னும் மீனவனுக்கு உரியவள் என ஊர் கொண்டவள். விக்டரின்பால் அவள் மனம் சாய்கின்றது. பகை முற்றுகின்றது, குருதி சிந்துகின்றது.

செம்மீனை அறிந்தவர் இதிலும் முக்கோணத்தையே காண்பர். ஆனால் பத்திராஜ முடிச்சை மறைத்து வைக்கவில்லை. செம்மீனில் காதலன் கடன் கொடுத்து அழிபவன். இங்கோ காதலன் கரையின் விளைவைத் தன் கைக்குக் கொணர முயல்பவன். விக்டருக்கும் அன்ரனுக்கும் உள்ள போட்டி, மீனை யார் வாங்குவது என்பது. ஹெலனை யார் அடைவது என்னும் போட்டி அதன் நிழல்போல் உடன் நடக்கின்றது. இரண்டையும் ஒரே வரவு தொடங்கி வைக்கின்றது. ஆகவே, காதற் காட்சி ஒவ்வொன்றும் வாணிகக் காட்சியும் ஆகின்றது. மணலில் இருவர் உலவுவதை ஊர் பார்க்கும் பார்வையில் பொறாமை மட்டுமன்றி, நாளை எவரிடம் கடன்படுவது என்னும் கணக்கும் கலந்திருக்கின்றது. கடலன்னைக்கு இப்படத்தில் வேலை இல்லை. பழி சுமத்த வானத்தை நோக்க வேண்டுவதில்லை என்பதால், இதன் பின்னல் செம்மீனினும் உறுதியானது. உள்ளத்தை உருக்கும் ஆற்றலில் அதற்குச் சற்றுக் குறைந்தது என்பதையும் மறுத்தற்கில்லை.

அதே 1978இல், செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி, பிரேம்நாத் மொறாயஸ் இயக்கத்தில் ‘வாடைக்காற்று’ என்னும் தமிழ்ப் படமும் வெளிவந்தது. பருவத்தோடு பிறவூர் மீனவர் நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடி அமைப்பதும், ஆங்குள்ள பெண்களோடு காதல் கொள்வதும், உள்ளூரார் பகைப்பதும் அதன் பொருள். இங்கும் தொடக்கம் ஒரு வரவே. காற்று மாறியதும் போக வேண்டியவர்கள் அவர்கள். கதைக்கு உரிய கால எல்லையைப் பருவமே வகுத்துவிடுகின்றது. எழுத்தாளன் வலிந்து ஓர் எல்லையைப் புனைய வேண்டியதில்லை.

மூன்று கதைகளிலும் கரையை விட்டு அகலும் வழி யார் யார்க்கு உண்டு என நோக்கின் வேறுபாடு நன்கு தெரியும். வாடை மீனவனுக்குத் தன் ஊர் உண்டு. விக்டருக்கு நகரம் உண்டு. பரீக்குட்டிக்கோ, முதல் முழுவதையும் அக்கரை மணலிலேயே இட்டு இழந்தமையால், போவதற்கு இடமில்லை. செம்மீனின் ஈற்றில் கறுத்தம்மாவின் தங்கை பஞ்சமி, தாயற்ற குழந்தையோடு அதே கரையில் நிற்கின்றாள்.