சிறிய அடுக்களையில் சீரும் சிக்கனமும்

நெசவாளர் இல்லத்தில் முதல் இடம் தறிக்கே உரியது. காற்றும் வெளிச்சமும் உள்ள கூடத்தைத் தறி எடுத்துக்கொள்கிறது. விவசாயியின் இல்லத்திலோ நெல் மூட்டைகளும் விதைகளும் கருவிகளும் முந்திக்கொள்கின்றன. இவற்றுக்கெல்லாம் போக எஞ்சிய மூலையே பெரும்பாலும் அடுக்களை ஆகிறது. எட்டடிக்கு ஆறடி உள்ள அம்மூலையில் வீட்டார் அனைவருக்கும் மூன்று வேளை உணவும் ஆக வேண்டும். அங்கே நின்று சமைக்கும் அம்மையாரே பின்னர்த் தறியருகே அமர்ந்து தார் சுற்ற வேண்டும். அல்லது வயலுக்குக் களையெடுக்கச் செல்ல வேண்டும். ஆகவே, அடுக்களையில் வீணாகும் ஒவ்வொரு நாழிகையும் தறியின் வருவாயிலிருந்தும் வயலின் விளைவிலிருந்தும் கழியும் நாழிகையே என்பதை நம் அங்கத்தினர்கள் உணர்தல் வேண்டும்.

இடத்தைப் பெரிதாக்குவது எல்லோருக்கும் இயலாது. அடுக்களையை அழகு செய்வதாகக் கூறித் தவணை முறையில் அலமாரிகளை வாங்கிப் போட்டு, பின்னர்த் தவணை கட்ட இயலாமல் வருந்தும் குடும்பங்களும் உண்டு. கடன் வாங்காமலே செய்யத்தக்கவை பல. அவற்றைச் செலவே இல்லாதவை, சிறு செலவுடையவை, பணம் சேர்த்துச் செய்ய வேண்டியவை என மூன்றாக வகுத்து ஈண்டு கூறுவோம்.

சிறிய அடுக்களையை ஆராய்ந்து அமைத்தவர்களுள் முதன்மையாகக் கூறத்தக்கவர் ஆஸ்திரியா நாட்டுக் கட்டடக் கலைஞரான மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி அம்மையார். ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் தொழிலாளர்களுக்கு வீடுகள் கட்டப்பட்டபோது, 1926-ஆம் ஆண்டில் அவர் ஒரு சமையலறையை வகுத்தார். அதன் அகலம் 1.9 மீட்டர், நீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர். நம் கணக்கில் ஆறடிக்குப் பதினோரு அடி என்று கொள்ளலாம். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எத்தனை முறை குனிகிறார் என்று ஆராய்ந்து, ஓடும் ரயிலின் சமையற்கூடத்தையும் முன்மாதிரியாகக் கொண்டு, ஒவ்வொரு பண்டத்துக்கும் ஓர் இடம் குறித்தார். அரிசி, சர்க்கரை முதலியவற்றுக்குப் பெயர் பொறித்த சிறு அலுமினியப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. பிடியைப் பற்றி இழுத்து, மூக்கு வழியாக அப்படியே பாத்திரத்தில் சாய்க்கலாம். இத்தகைய சமையலறைகள் பிராங்பர்ட்டில் மட்டும் ஏறக்குறைய 10,000 வீடுகளில் அமைக்கப்பட்டன.

அவ்வமைப்பில் ஒரு குறையும் சொல்லப்பட்டது. அதில் ஒருவரே நின்று வேலை செய்ய முடியும். உதவிக்கு வருபவருக்கு நிற்கவும் இடமில்லை. மாமியாரும் மருமகளும் சேர்ந்து சமைக்கும் நம் இல்லங்களுக்கு அது முழுதும் பொருந்தாது. நடையைக் குறைத்தல், ஒவ்வொன்றுக்கும் நிலையான இடம் குறித்தல் என்னும் இரண்டையுமே நாம் அதிலிருந்து கொள்ள வேண்டும்.

நடைக் கணக்கு நெசவாளருக்குப் புதிதன்று. தெருவில் பாவு ஓடும்போது எவரும் வீணாக ஒரு நடை நடப்பதில்லை. அதே கண்ணோடு அடுக்களையைப் பாருங்கள். அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் இடையே 12 அடி தூரம் என்று கொள்வோம். ஒரு நாளில் அறுபது முறை போய் வந்தால் 1,440 அடி ஆகிறது. முப்பது நாளில் 43,200 அடி, அதாவது 13 கிலோமீட்டருக்கு மேல். குடத்தை நான்கடி தூரத்துக்குக் கொண்டுவந்தால் அந்நடையில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிடும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

செலவில்லாதவற்றுள் முதலாவது, வேண்டாதவற்றைக் கழித்தலாகும். ஒரு நாள் பிற்பகலில் அடுக்களையிலுள்ள அனைத்தையும் திண்ணைக்குக் கொண்டுவந்து மூன்று குவியலாகப் பிரியுங்கள். நாள்தோறும் எடுப்பவை ஒன்று; வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ எடுப்பவை மற்றொன்று; பொங்கலுக்கும் விசேஷ நாட்களுக்கும் மட்டும் எடுப்பவை மூன்றாவது. மூன்றாவது குவியல் பரணுக்குப் போகட்டும். ஓட்டைப் பாத்திரமும் மூடியில்லாத டப்பாவும் பழைய இரும்புக்காரருக்குப் போகட்டும். இவ்வாறு பிரித்தபின், அடுக்களையில் இடமில்லை என்ற குறையில் பாதி தீர்ந்திருக்கும்.

அடுத்தது, இடம் குறித்தல். நாள்தோறும் எடுப்பவை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்க வேண்டும். கனமானவை கீழேயும் இலேசானவை மேலேயும் இருத்தல் நலம். அஞ்சறைப் பெட்டியும் உப்பு ஜாடியும் எண்ணெய்ச் செம்பும் அடுப்பிலிருந்து கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆயினும் அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். எரியும் அடுப்பின் மேல் கை நீட்டும்போது சேலைத் தலைப்பில் தீப்பற்றுவதற்கு இடமுண்டு. பருப்பு, பயறுகளை வெயிலில் காயவைத்து ஆறவிட்டுப் பின் டப்பாவில் அடையுங்கள். பழையதன்மேல் புதியதைக் கொட்டாமல், பழையதை முதலில் செலவழியுங்கள். வண்டு விழுந்த பருப்பும் நாம் பணம் கொடுத்து வாங்கியதே அன்றோ?

ஒவ்வொரு டப்பாவிலும் அதிலுள்ள பண்டத்தின் பெயரை எழுதி ஒட்டுங்கள். எந்த டப்பாவில் என்ன இருக்கிறதென்று இல்லத்தரசி ஒருவருக்கே தெரிந்திருக்கும்வரை, அவருக்குக் காய்ச்சல் கண்ட நாளிலும் அவரே எழுந்துவர வேண்டியதாகிறது. பெயர் எழுதி இடமும் குறித்துவிட்டால், அவர் தார் சுற்றும் வேளையில் கணவரோ பிள்ளைகளோ உலை வைத்துவிட முடியும். அடுக்களையின் பாரம் பலர் தோளில் பகிரப்படுவது இதனாலேயே கைகூடும்.

இனிச் சிறு செலவுடையவற்றைக் காண்போம். அழகுக்கு முதல் வழி வெள்ளையடித்தல். சுண்ணாம்பை நன்றாக நீற்றி வடிகட்டி, ஒட்டுவதற்குச் சிறிது பசையும், மஞ்சள் தட்டாதிருக்கச் சிறிது நீலமும் சேர்த்து இரண்டு மூன்று கைகள் அடித்தால், இருண்ட அறையிலும் வெளிச்சம் பரவும். நீற்றும்போது சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும். ஆதலால் பிள்ளைகளை விலக்கிவிட்டுக் கண்களைக் காத்துக்கொண்டு செய்தல் வேண்டும். சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் காவிப் பட்டை தீட்டினால் அழுக்குத் தெரியாது. பார்வைக்கும் இனிமையாக இருக்கும். ஓட்டு வீடாயின், ஓர் ஓட்டை எடுத்துவிட்டு அவ்விடத்தில் கண்ணாடி ஓடு பதியுங்கள். பகலில் விளக்குப் போட வேண்டியிராது. அரிசியிலுள்ள கல்லும் பருப்பிலுள்ள வண்டும் கண்ணுக்குப் புலப்படும்.

கரண்டிகளையும் வாணலியையும் மாட்டச் சுவரில் ஒரு மரச்சட்டமும் சில ஆணிகளும் போதும். கதவின் பின்புறமும் பயன்படும் இடமே. மேடையின் அடியில் உள்ளவற்றை மறைக்க மரக்கதவு வேண்டாம். தறியில் பாவு முடியும்போது எஞ்சும் துண்டுகளைச் சேர்த்துத் தைத்துத் திரையாகத் தொங்கவிடலாம். விலைகொடுத்து வாங்கும் எந்தத் திரையும் நம் கைநெசவுக்கு ஈடாகாது. அத்திரை அடுப்புக்கு அண்மையில் இராதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சன்னலருகே ஒரு தொட்டியில் கொத்தமல்லியோ புதினாவோ வைத்து, அரிசி களைந்த நீரை ஊற்றி வந்தால், அது கண்ணுக்கும் விருந்து, குழம்புக்கும் மணம்.

பணம் சேர்த்துச் செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, நின்று சமைக்கும் மேடை. கடப்பைக் கல் பதித்த மேடை நெடுநாள் உழைக்கும். அதன் உயரத்தைக் கொத்தனார் விருப்பத்துக்கு விட்டுவிடாதீர்கள். சமைப்பவரை நிற்கவைத்து, மடக்கிய முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே மேற்பரப்பு அமையுமாறு அளந்து சொல்லுங்கள். முதுகுவலி குறைவது இவ்வளவினாலேயே. இரண்டு, புகை வெளியேறும் வழி. விறகடுப்பு உள்ள வீடுகளில் புகைபோக்கி இன்றியமையாதது. விறகுப் புகை கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கிறது. கூடத்தில் உள்ள வெள்ளை நூலையும் பட்டையும் மங்கச் செய்கிறது. கூடத்தின் பஞ்சுத் தூசியோ அடுப்பருகே வந்தால் எளிதில் தீப்பற்றும். ஆதலால், தறிக்கும் அடுப்புக்கும் இடையே ஒரு தடுப்புச் சுவரும் கதவும் எழுப்புதல் மூன்றாவது. இம்மூன்றும் ஒரே ஆண்டில் ஆக வேண்டுவதில்லை. மாதந்தோறும் ஒரு சிறு தொகையைச் சிக்கன நிதியில் சேர்த்து, ஆண்டுக்கு ஒன்றாகச் செய்தாலும் மூன்றாண்டில் முடிந்துவிடும்.

எரிவாயு அடுப்பு இப்போது பல இல்லங்களுக்கு வந்துவிட்டது. அவ்வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரமாகவே தேங்கும். ஆதலால், சிலிண்டரைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் அடைத்தலாகாது. நிமிர்ந்த நிலையில் தரையில் வைத்து, அடுப்பை மேடைமேல் வைக்க வேண்டும். தரைமட்டத்தில் காற்றோட்டத்துக்கு ஒரு திறப்பும் வேண்டும். ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். வாயு நாற்றம் வந்தால் மின்விசையைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடிக் கதவுகளைத் திறந்துவிட்டு, வெளியே சென்று 1906 என்னும் எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

இறுதியாக ஒன்றை வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். சிறிய வீட்டில் இடமில்லை என்று சாயப்பொடியையும் காஸ்டிக் சோடாவையும் பூச்சிமருந்தையும் அடுக்களை மாடத்தில் வைக்கும் வழக்கம் சில இல்லங்களில் காணப்படுகிறது. காஸ்டிக் சோடா பார்வைக்கு உப்புப் போன்றது. பூச்சிமருந்தை ஊற்றிய பழைய சர்பத் பாட்டில் பிள்ளைகளுக்குச் சர்பத்தாகவே தோன்றும். ஒரு கணத் தவறு ஓர் உயிரைக் கொண்டுபோய்விடும். இவற்றை வாங்கிய கலத்திலேயே, பெயர்ச்சீட்டு அழியாமல், அடுக்களைக்கு வெளியே பூட்டி வையுங்கள். சாயம் காய்ச்சிய பாத்திரத்தில் ஒருபோதும் சமைக்காதீர்கள். வேறு எதையும் செய்ய இயலாதவர்கள் இதை மட்டுமேனும் இன்றே செய்தல் வேண்டும்.

அடுக்களையின் அழகு அதன் அளவில் இல்லை. எடுத்த பொருள் எடுத்த இடத்தில் இருப்பதும், சமைப்பவர் முதுகு நோகாமல், கண் எரியாமல், வேலையை முடித்து வெளியே வருவதுமே அழகாகும். வரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலை இதற்கென ஒதுக்குங்கள். தறி சற்றே ஓய்வெடுக்கட்டும். வீட்டார் அனைவரும் கூடித் திண்ணையில் பாத்திரங்களைப் பிரிக்கட்டும். கூட்டுறவு என்பது சங்கத்தின் கட்டடத்தில் மட்டும் வாழ்வதன்று. நம் அடுக்களையிலும் அது தழைக்கட்டும்.