முந்திரி உடைக்கும் குரங்குகள்

பண்ருட்டிப் பக்கம் பிறந்தவர்களுக்கு முந்திரிக்கொட்டையின் குணம் தெரியும். பருப்பைச் சுற்றியுள்ள தோட்டில் காரமான எண்ணெய் இருக்கிறது. பட்டால் தோல் வெந்து உரியும். எங்கள் தெருவில் கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். அப்படியும் என் அத்தையின் விரல்நுனிகள் வருஷம் முழுக்கக் கறுத்தே இருக்கும். அதனால், பிரேசிலில் காட்டுக் குரங்குகள் கல்லால் முந்திரி உடைத்துத் தின்கின்றன என்று படித்ததும் எனக்கு வந்த முதல் கேள்வி: அந்த எண்ணெயை அவை எப்படிச் சமாளிக்கின்றன?

முந்திரிக்குப் பிறந்த வீடே பிரேசில்தான். போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த பிறகுதான் அது இந்திய மண்ணுக்கு வந்தது. பிரேசிலின் வடகிழக்கில், வறண்ட பியாவி மாநிலத்தில், செர்ரா ட கபிவாரா தேசியப் பூங்கா இருக்கிறது. பழங்காலப் பாறை ஓவியங்களுக்காக 1991-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். அங்கே தாடிக் கப்புச்சின் என்ற குரங்கினம் வாழ்கிறது. வளர்ந்த ஆணே சுமார் 4 கிலோதான். கொட்டையைப் பாறை மீதோ தடித்த வேர் மீதோ வைத்து, இரு கையாலும் கல்லைத் தூக்கி ஓங்கி அடிக்கும். அதே மாநிலத்தின் போவா விஸ்டா பகுதியில் பனை இனக் கொட்டைகளை உடைக்க இவை எடுக்கும் கல் ஏறக்குறைய 1 கிலோ. தன் எடையில் கால் பங்கைத் தூக்கித் தூக்கி அடிக்கிற வேலை!

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். ஆய்வாளர்கள் இந்தக் குரங்குகளுக்குப் பச்சைக் கொட்டையும் காய்ந்த கொட்டையும் கொடுத்து, பல எடையில் கற்களையும் வைத்துப் பார்த்தார்கள். பச்சைக் கொட்டை எளிதில் உடையும், காய்ந்ததுதான் கெட்டி. கெட்டியானதற்குத்தானே பெரிய கல் வேண்டும்? குரங்குகளோ பச்சைக் கொட்டைக்குத்தான் பெரிய கல்லை எடுத்தன. எண்ணெய் நிறைந்திருப்பது பச்சையில்தான். காயக் காயக் குறைந்துவிடும். கல் பெரிதாக இருந்தால் எண்ணெய் கையில் படாமல் தப்பிக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். என் அத்தை இதை ஊகம் என்றே ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். தொழில் தெரிந்தவர் செய்வது அதுதான் என்றிருப்பார்.

இது பிறவியிலேயே வரும் வித்தை அல்ல. குட்டிகள் பெரியவற்றின் அருகே உட்கார்ந்து, சிதறும் துணுக்கைப் பொறுக்கித் தின்று, அவை விட்டுப்போன கல்லை எடுத்துத் தட்டிப் பார்த்து, வருஷக்கணக்கில் பழகுகின்றன. பெரியவையும் அவற்றைப் பொறுத்துக்கொள்கின்றன.

எத்தனை காலமாக நடக்கிறது இது? அகழ்ந்து பார்த்தவர்கள் 2016-இல் 600, 700 ஆண்டுப் பழமையான குரங்குக் கற்களைக் காட்டினார்கள். கொலம்பஸுக்கு முந்தைய காலம் அது. 2019-இல் வெளியான ஆய்வு அதை 3,000 ஆண்டுகளுக்குக் கொண்டுபோனது. அடி மண்ணில் கிடைத்தவை சிறிய, நிறைய அடிபட்ட கற்கள். பிந்தைய அடுக்குகளில் பெரிய கற்கள். உடைத்த தீனி காலத்துக்குக் காலம் மாறியதையே இது காட்டுகிறது என்கிறார்கள். மனிதனுக்கு மட்டுமே உரியது என்று நாம் நினைத்த தொழில் வரலாறு குரங்குக்கும் இருக்கிறது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. இதே குரங்குகள் பாறையில் பதிந்த கூழாங்கற்களைக் கல்லால் அடித்து, உதிரும் தூளை நக்குகின்றன. அப்போது கூரிய சில்லுகள் தெறிக்கின்றன. குரங்குகளுக்கு அவற்றால் பயனில்லை. ஆனால் அவை ஆதிமனிதர் செதுக்கிய சில்லுகளைப் போலவே இருப்பதாக 2016-இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. தாய்லாந்தில் நீள்வால் குரங்குகள் எண்ணெய்ப்பனைக் கொட்டை உடைக்கும்போது தெறிக்கும் சில்லுகளும் அப்படித்தான் என்று 2023-இல் தெரியவந்தது.

ஆகவே, மண்ணுக்குள் கூரிய சில்லு கிடைத்தவுடன் மனிதன் வாழ்ந்த இடம் என்று எழுதிவிட முடியாது. அடுப்புச் சாம்பல், வெட்டுத்தழும்புள்ள எலும்பு என்று வேறு சாட்சியும் வேண்டும். இத்தகைய குரங்குகள் வாழ்ந்த நிலத்தில், அவற்றையும் தொழிலாளிகளாகக் கணக்கில் சேர்த்துத்தான் வரலாறு எழுத வேண்டும்.