ஆட்டக்காரரும் அபிமானிகளும்

2025-ம் வருஷம் நவம்பர் மாதம் 15-ந் தேதி, ரவீந்திர ஜடேஜா சென்னை சூப்பர் கிங்ஸ் கோஷ்டியை விட்டு ராஜஸ்தான் ராயல்ஸ் கோஷ்டிக்கு மாறினார் என்ற செய்தி ஊர்ஜிதமாயிற்று. ஸாம் கரன் என்ற ஆங்கில ஆட்டக்காரரும் அவருடன் சென்றார். பதிலுக்கு ஸஞ்சு ஸாம்ஸன் சென்னைக்கு வந்து சேர்ந்தார். ஜடேஜாவுக்கு 14 கோடி ரூபாய், ஸாம்ஸனுக்கு 18 கோடி ரூபாய் என்று விலை நிர்ணயமாயிற்று. இரண்டு ஸ்தாபனங்களுக்கிடையே நடந்த கொடுக்கல் வாங்கல் என்று பார்த்தால் விஷயம் இவ்வளவே. ஆனால் சென்னைக் கோஷ்டியின் அபிமானிகள் மனத்தில் அது கிளப்பிய கொந்தளிப்பு கொஞ்சமல்ல. 2023-ம் வருஷத்து இறுதிப் பந்தயத்தில், கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டங்கள் வேண்டியிருந்தபோது, ஒரு ஸிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்து ஐந்தாவது முறையாகக் கோப்பையைத் தேடித் தந்தவரல்லவா அவர்! அப்படிப்பட்டவரை நிர்வாகிகள் எப்படி அனுப்பலாம் என்றனர் சிலர். அவர் எப்படிப் போகலாம் என்றனர் வேறு சிலர்.

இந்தக் கேள்விகள் அற்பமானவை என்று நாம் ஒதுக்கிவிட மாட்டோம். கட்சி, கொள்கை, நன்றி, துரோகம் என்ற பதங்களை நமது இளைஞர்கள் இன்று அதிகமாகப் பழகிக்கொள்ளும் இடம் விளையாட்டு மைதானமே. அங்கே அவற்றைத் தவறாகப் பழகுகிறவர்கள், ராஜீய வாழ்விலும் அவற்றைத் தவறாகவே பிரயோகிப்பார்கள்.

அணி மாறியவரைத் தூஷிப்பது நமது திருமலைராயன்பட்டினத்துக்குப் புதிய சங்கதி அல்ல. காளமேகப் புலவரின் கதையை அறியாதவர் இவ்வூரில் இருக்க முடியாது. ஸ்ரீரங்கத்துக் கோயில் பரிசாரகராயிருந்த வைஷ்ணவர், திருவானைக்கா மோகனாங்கியின் மீது கொண்ட காதலால் சைவராக மாறினார் என்பது கர்ண பரம்பரை. அக்காலத்தில் அவ்விரு கோயில்களுக்கும் இடையே இருந்த போட்டியை நினைத்தால், இந்நாளைய கோஷ்டி மாற்றங்கள் எம்மாத்திரம்! அவர் திருமலைராயன் சபைக்கு வந்தபோது, அதிமதுர கவியும் அவரைச் சூழ்ந்த தண்டிகைப் புலவர்களும் அவருக்கு ஆசனம் கொடுக்கவும் மனமில்லாதிருந்தனர். எமகண்டம் ஏறிப் பாடி வென்ற பிறகும் உரிய மரியாதை கிட்டவில்லை. மண்மாரி பொழிய வசைபாடிவிட்டுப் போனார் என்று கதை முடிகிறது. இன்று நாம் கொண்டாடுவது யாரை? அவர் எந்தக் கோயிலை விட்டு எந்தக் கோயிலுக்குப் போனார் என்று நாம் கணக்குப் பார்ப்பதில்லை. அவருடைய கவித்திறனையே பார்க்கிறோம்.

இதே ஊரில், மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் கடலாட எழுந்தருளும்போது, பட்டினச்சேரி மீனவ மக்கள் அவரை 'மாப்பிள்ளை' என்று உறவு சொல்லி வரவேற்கிறார்கள். அயலூரிலிருந்து வருபவரைச் சொந்தமாக்கிக்கொள்ளும் பெருந்தன்மை நம் ஜனங்களின் இரத்தத்தில் ஊறியது. மகேந்திர சிங் தோனி விஷயத்திலும் நடந்தது இதுதான். அவர் பிறந்தது ராஞ்சி. 2008-ம் வருஷம் பிப்ரவரியில் நடந்த முதல் ஏலத்தில் 15 லட்சம் டாலருக்குச் சென்னைக் கோஷ்டியார் அவரை எடுத்தனர். தமிழ் ஜனங்களோ அவரைத் 'தல' என்றனர். அதே காலத்தில் சென்னையிலேயே வளர்ந்த தினேஷ் கார்த்திக், சென்னைக் கோஷ்டிக்கு ஒரு நாளும் ஆடாமல், டில்லி, கல்கத்தா, பெங்களூர் என்று சுற்றியே தம் ஐ.பி.எல். வாழ்வை முடித்தார். சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டி நடராஜன் பெயர் பெற்றது ஹைதராபாத் கோஷ்டியில். ஆகவே இந்த அபிமானத்துக்கு ஊரும் பிறப்பும் ஆதாரமல்ல. அணிந்த சட்டையின் நிறமே ஆதாரம். இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் சட்டை மாறுவதே துரோகம் என்று கொள்வதுதான் தவறு.

விசுவாசம் என்பது இரு தரப்பாரையும் கட்டுப்படுத்த வேண்டும். ஒரு தரப்பாரை மட்டும் கட்டுப்படுத்துவது விசுவாசமாகாது, அடிமைத்தனமே ஆகும். ஐ.பி.எல். ஏலத்தில் நிற்கும் ஆட்டக்காரர் தமக்கு எஜமானர் யார் என்று தெரிந்தெடுக்க முடியாது. சுத்தியல் விழுந்த இடமே அவருக்கு ஊர். அவர் திறமை குன்றினால், வருஷ முடிவில் விடுவிக்கப்படுவோர் ஜாபிதாவில் அவர் பெயர் ஏறுகிறது. அப்பொழுது நிர்வாகிகளை நன்றி கெட்டவர்கள் என்று எவரும் சொல்வதில்லை. சூதாட்ட விவகாரத்தின் காரணமாக, 2015-ம் வருஷம் நீதிபதி லோதா கமிட்டி, சென்னை, ராஜஸ்தான் ஆகிய இரண்டு கோஷ்டிகளையும் இரண்டு வருஷங்களுக்கு விலக்கி வைத்தது. மைதானத்தில் ஆடியவர்கள் கலைந்து, தோனி புனாவுக்கும் ஜடேஜா குஜராத்துக்கும் போக நேர்ந்தது. அன்று விசுவாசத்தை முறித்தது யார்? ஆட்டக்காரர்கள் அல்லவே!

ஜடேஜாவின் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் மட்டையுடன் இறங்கும்போது, தோனி சீக்கிரம் வரவேண்டும் என்பதற்காக, அவர் எப்போது ஆட்டமிழப்பார் என்று சென்னை ரஸிகர்களே ஆவலுடன் காத்திருந்தார்கள். இதை அவரே 2023-ல் சிரித்துக்கொண்டு சொன்னார். சொந்தக் கோஷ்டிக்காரர் வீழ்வதைக் கண்டு ஆரவாரிப்பவர்கள், அவர் வெளியேறியபின் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவது நியாயமாகுமா?

இந்த வியாதி நம் தேசத்துக்கு மட்டும் உரியதன்று. லூயிஸ் ஃபிகோ என்ற போர்த்துகீசியக் கால்பந்து வீரர் 2000-ம் வருஷம் பார்ஸலோனாவிலிருந்து அதன் பரம வைரியான ரியல் மாட்ரிட்டுக்கு மாறினார். 2002-ல் அவர் திரும்ப வந்து ஆடியபோது பார்ஸலோனா ரஸிகர்கள் மைதானத்தில் பன்றித் தலையை எறிந்தார்கள். ஆட்டம் சிறிது நேரம் நிறுத்தப்பட்டது. நம் தேசத்தில், ஹார்திக் பாண்டியா 2023 நவம்பரில் குஜராத்திலிருந்து பம்பாய்க் கோஷ்டிக்குத் திரும்பி ரோஹித் சர்மாவின் தலைமை ஸ்தானத்தை ஏற்றபோது, 2024-ல் அவர் விட்டு வந்த ஊரார் மட்டுமின்றி, அவர் போய்ச் சேர்ந்த ஊராரும் கூக்குரலிட்டார்கள். தலைவரை மாற்றியது நிர்வாகம். வசவு விழுந்தது கூலிக்கு உழைப்பவர் தலையில்.

'அப்படியானால் கட்சி மாறும் சட்டசபை மெம்பரையும் மன்னித்துவிடலாமோ?' என்று நேயர்கள் கேட்கக்கூடும். கூடவே கூடாது. ஆட்டக்காரர் விற்பது தம்முடைய உழைப்பை. சட்டசபை மெம்பரோ பிறருடைய வோட்டை ஏந்தி நிற்கும் தர்மகர்த்தா. அது அவருடைய சொத்தன்று. இந்த வித்தியாசத்தை உணர்ந்துதான் 1985-ம் வருஷம் அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணையைச் சேர்த்துக் கட்சித் தாவலுக்குத் தண்டனை விதித்தார்கள். அப்படியிருந்தும், மெம்பர்கள் ஒருவர்பின் ஒருவராக ராஜிநாமாச் செய்ததால், 2021 பிப்ரவரியில் நமது புதுச்சேரியிலேயே ஒரு மந்திரிசபை பெரும்பான்மை இழந்து கவிழ்ந்தது. அன்று சும்மா இருந்தவர்கள், பந்தெறிபவர் ஒருவர் கோஷ்டி மாறினால் பொங்கியெழுவது விசித்திரமே.

நம்முடைய கோபத்துக்கு உரிய இடம் வேறொன்று உண்டு. 2018-ம் வருஷத்துக்கு முன் ரஞ்சிக் கோப்பைப் பந்தயத்தில் புதுச்சேரிக்கெனத் தனிக் கோஷ்டி இல்லை. அவ்வருஷம் அந்தப் பாக்கியம் கிட்டியபோது, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய பகுதிகளின் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது என்று பலரும் மகிழ்ந்தனர். ஆனால் முதல் பருவத்திலேயே பம்பாயின் அபிஷேக் நாயர், ராஜஸ்தானத்தின் பங்கஜ் சிங், ஹிமாசலத்தின் பாரஸ் டோக்ரா ஆகியோர் புதுச்சேரிக்காக ஆடினர். அடுத்த பருவத்தில், கர்நாடகத்துக்கு இருமுறை ரஞ்சிக் கோப்பை வென்று தந்த வினய் குமாரும் வந்து சேர்ந்தார். வெளிமாநில வீரர் பலருடைய பதிவைக் கிரிக்கெட் போர்டே 2018 செப்டம்பரில் ரத்து செய்ய நேர்ந்தது.

வந்தவர்கள் மீது நமக்கு மனஸ்தாபம் கிடையாது. அநுபவசாலிகள் இரண்டு மூவர் இருந்தால் இளைஞர்கள் கற்றுக்கொள்வார்கள். விதிகளும் அதற்கு இடங்கொடுக்கின்றன. ஆனால் விருந்தாளிகள் பந்தியை நிறைத்துக்கொண்டு வீட்டுப் பிள்ளைகள் திண்ணையில் நின்றால், அது விருந்தோம்பல் ஆகாது. திருமலைராயன்பட்டினத்துப் பையன் ஒருவன் தேர்வுக்குப் போக வேண்டுமானால், தமிழ்நாட்டைக் கடந்து சுமார் 130 கிலோமீட்டர் புதுச்சேரிக்குப் பிரயாணம் செய்ய வேண்டும். சில மைல் தெற்கேயுள்ள நாகூர்ப் பையனுக்குத் தமிழ்நாடு, இவனுக்கோ புதுச்சேரி. அங்கே இடமில்லையென்றால் இவன் மாறிப் போக வேறு எந்தக் கோஷ்டி இருக்கிறது? கோடி ரூபாய் பெறும் வீரருக்கு ராஜஸ்தான் இல்லாவிட்டால் பஞ்சாப். இவனுக்கு ஒரே வாசல்தான்.

ஆதலால் அபிமானிகளுக்கு நாம் சொல்ல விரும்புவது இது. ஜடேஜா எந்தச் சட்டையணிந்து வந்தாலும், நன்றாக ஆடினால் கை தட்டுங்கள், ஸாம்ஸனுக்கும் விசிலடியுங்கள். அதில் மிஞ்சும் உற்சாகத்தில் ஒரு பங்கையாவது உள்ளூர் மைதானத்தின் பக்கம் திருப்புங்கள். காரைக்காலிலேயே வருஷந்தோறும் தேர்வு நடத்த வேண்டும், தேர்ந்தெடுக்கப்படுவோரின் பிறப்பிடத்தையும் வசிப்பிடத்தையும் பகிரங்கமாக வெளியிட வேண்டும், நமது பகுதிப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக்கூடமும் ஆசிரியரும் வேண்டும் என்று புதுச்சேரி கிரிக்கெட் சங்கத்தாரை மகஜர் மூலமாகக் கேளுங்கள். பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள். நம் பையன் மட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறான். அவனுக்காக வாய் திறக்க வேண்டிய கடமை நம்முடையது.