மாறுகண் அதிர்ஷ்டமா?

"பேத்திக்குச் சளிங்க, மருந்து குடுங்க வைத்தியரய்யா" என்று ஒரு பாட்டியம்மா நாலு வயசுக் குழந்தையோடு வந்தார். குழந்தையின் இடது கண் மூக்குப் பக்கமாக ஒதுங்கியிருந்தது. "இதை யாரிடமாவது காட்டினீர்களா?" என்றேன். "அது எதுக்குங்க? மாறுகண் அதிர்ஷ்டமாச்சே!" என்று சிரித்தார்.

குழந்தையின் வலது கண்ணை என் கையால் மூடினேன். வீல் என்று கத்திக்கொண்டு கையைத் தட்டிவிட்டது. இடது கண்ணை மூடினேன். பேசாமல் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டியம்மாவின் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

ஏன் அப்படி? கண் அசையும் விதத்தைத் தெரிந்துகொண்டால் புரியும்.

12 தசைகளின் கூட்டு வேலை

ஒவ்வொரு கண்ணையும் 6 தசைகள் பிடித்திருக்கின்றன. நான்கு நேராக, இரண்டு சாய்வாக. வண்டியில் பூட்டிய இரட்டை மாடு போல இரண்டு கண்களும் சேர்ந்தே திரும்ப வேண்டும். விழித்திரையின் நடுவில் உள்ள சின்னக் குழியில்தான் கூர்மையான பார்வை. அதனால்தான் இந்த வரியைப் படிக்கும்போதுகூட உங்கள் கண் நொடிக்கு மூன்று, நான்கு முறை தாவித் தாவிப் போகிறது. சந்தேகமா? பக்கத்தில் பேப்பர் படிப்பவரின் கண்ணைக் கவனியுங்கள்!

ஆடும் ஆந்தையும்

ஆட்டுக்குக் கண்கள் பக்கவாட்டில். தலையைத் திருப்பாமலே 300 டிகிரிக்கு மேல் பார்க்கும். அதன் பாவை படுக்கைவாட்டில் இருக்கும். குனிந்து மேயும்போது கண்ணே சுழன்று, பாவையைத் தரைக்கு இணையாக வைத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வாளர்கள் இதை 2015-ல் வெளியிட்டார்கள். ஆந்தையின் கண் குழல் போல எலும்பு வளையத்தில் இறுகியிருப்பதால் அசையாது. பதிலுக்குக் கழுத்து ஏறக்குறைய 270 டிகிரி திரும்பும். காக்காய்க்கு ஒரே கண் என்பார்கள். தப்பு. இரண்டும் உண்டு, பக்கவாட்டில் இருப்பதால் தலையைச் சாய்த்துப் பார்க்கிறது.

பச்சோந்தியின் கண்கள் ஆளுக்கொரு திக்கில் சுழலும். ஆனால் பூச்சியைப் பிடிக்க நாக்கை நீட்டுமுன் அதுவும் இரண்டையும் ஒரே இடத்தில் குவிக்கிறது!   ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், தூரம் கணக்கிட நமக்கு இரண்டு கண்ணும் எவ்வளவு உதவுகிறது என்பது புரியும்.

குழந்தைக்கு என்ன ஆகிறது?

கண்கள் வேறு வேறு திசையில் பார்த்தால் மூளைக்கு இரண்டு படம் வருகிறது. குழந்தையின் மூளை ஒன்றை ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்ட கண்ணில் நோய் ஏதும் இல்லாவிட்டாலும் பார்வை வளராது. இதைத்தான் 'சோம்பேறிக் கண்' என்கிறார்கள். 7, 8 வயசுக்குள் கவனித்தால் பலன் அதிகம். பிந்தினால் கஷ்டம், ஆனாலும் காட்டத்தான் வேண்டும்.

பிறந்த குழந்தைக்கு முதல் மூன்று, நான்கு மாதம் கண் அவ்வப்போது விலகலாம். அதற்குப் பிறகும் விலகினால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பாவையில் வெள்ளையாகத் தெரிந்தால் ஒருநாள்கூடத் தாமதிக்காதீர்கள், கண்ணில் புற்றுக்கட்டியாகவும் இருக்கலாம். பெரியவர்களுக்குத் திடீரென்று கண் திரும்பினாலோ, இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ அதுவும் அவசரமே.

சிகிச்சை பயப்படும்படியானது அல்ல. சிலருக்குக் கண்ணாடியே போதும். சிலருக்கு நல்ல கண்ணைத் தினம் சில மணி நேரம் மூடி, சோம்பேறிக் கண்ணை வேலை வாங்குவார்கள். தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை. அதில் கண்ணுக்கு வெளியே உள்ள தசையைத்தான் சரிசெய்கிறார்கள்.

சித்த மருத்துவத்தில் கண் நோய்களை 96 என்று வகுத்திருக்கிறார்கள். அதைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாறுகண்ணுக்கு இலைச்சாறு, தாய்ப்பால், எண்ணெய் என்று எதையும் கண்ணில் விடாதீர்கள். புண்ணாகும், பொன்னான காலமும் போகும்.

அந்தப் பாட்டியம்மாவிடம் சளிக்குக் கஷாயம் கொடுத்தேன். கூடவே கண் மருத்துவருக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தேன். உங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இன்றைக்கே ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள்.