பந்து எங்கே போனாலும் முதுகு போகக் கூடாது!

உடல்நலப் பகுதியில் கோல்ஃப் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நமது சங்கத்தில் ஐம்பதைத் தொட்ட பலர், பிள்ளைகள் வளர்ந்த பிறகு சனிக்கிழமை காலைகளில் கோல்ஃப் ஆடக் கிளம்பியிருக்கிறோம். திரும்பி வரும்போது பாதிப் பேர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் காரிலிருந்து இறங்குகிறோம். அந்தப் பாதிப் பேரில் நானும் ஒருவன்.

2024-ஆம் ஆண்டு மே மாதம், இங்கே நியூ ஜெர்சியில் ஒரு பொது மைதானத்தில், ஏழாவது குழியில் டிரைவரை எடுத்து முழு பலத்தோடு வீசினேன். பந்து வழக்கம்போல் வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போனது. அத்தோடு என் கீழ் முதுகில் யாரோ கத்தியைச் செருகியது போல ஒரு வலி. நிமிர முடியவில்லை. என் மகனும் நண்பரும் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றினார்கள். அடுத்த மூன்று நாட்களுக்குக் காலுறை போடக்கூட மனைவியின் உதவி தேவைப்பட்டது.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மகன் அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகப் போகிறான். வீட்டில் இருந்தால் அவன் அறைக் கதவு மூடியிருக்கும். வாரத்தில் அவன் என்னோடு மனம்விட்டுப் பேசுவது அந்த நாலு மணி நேரம்தான். அதை விட மனமில்லை. எனவே ஆட்டத்தை விடாமல் முதுகைக் காப்பது எப்படி என்று கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். நான் மருத்துவன் அல்ல. ஒரு ஃபிசியோதெரபிஸ்டிடமும் ஒரு பயிற்சியாளரிடமும் கற்றதையே இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

ஹேண்டிகேப் என்றால் என்ன?

ஆடாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பதினெட்டுக் குழிகளையும் 72 அடிகளில் முடிப்பது தேர்ந்த ஆட்டக்காரரின் அளவு. நமக்குக் கூடுதலாக எத்தனை அடிகள் தேவைப்படுகின்றன என்பதைக் காட்டுவதே ஹேண்டிகேப். என்னுடையது 28. அதாவது நன்றாக ஆடும் நாளில் 100 அடிகளுக்குப் பக்கத்தில் முடிப்பேன். 2020-இல் நடைமுறைக்கு வந்த உலகப் பொது ஹேண்டிகேப் முறையில் ஆண், பெண் இருவருக்குமே 54 வரை அனுமதி உண்டு. ஆகவே யாரும் வெட்கப்படத் தேவையில்லை.

முதுகு திரும்புவதற்கு அல்ல

ஃபிசியோதெரபிஸ்ட் முதலில் சொன்ன விஷயம் எனக்குப் புதிது. கோல்ஃப் வீச்சு என்பது உடலைத் திருப்பும் செயல். ஆனால் கீழ் முதுகில் உள்ள ஐந்து எலும்புகளும் சேர்ந்தே மொத்தமாகப் பத்துப் பதினைந்து டிகிரிதான் திரும்பும். அவை குனியவும் நிமிரவும் பாரம் தாங்கவும் அமைந்தவை. உண்மையில் நன்றாகத் திரும்ப வேண்டியவை இரண்டு இடங்கள்: விலா எலும்புகள் சேரும் மேல் முதுகு, தொடை எலும்பு பொருந்தும் இடுப்பு மூட்டு.

நாம் என்ன செய்கிறோம்? வாரத்தில் ஐந்து நாட்கள் கணினி முன்னால் கூன் போட்டு உட்கார்கிறோம். காரில் ஒரு மணி நேரம் போக, ஒரு மணி நேரம் வர. சிறு வயதில் தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்ட நாம் இன்று ஐந்து நிமிடம் அப்படி உட்கார முடியாமல் தவிக்கிறோம். மேல் முதுகும் இடுப்பு மூட்டும் இறுகிவிடுகின்றன. சனிக்கிழமை காலை அவை திரும்ப மறுக்கும்போது, அந்த வேலையும் கீழ் முதுகின் தலையில் விழுகிறது. பொழுதுபோக்காக ஆடுவோருக்கு மிக அதிகமாக அடிபடும் இடம் கீழ் முதுகு என்பதில் வியப்பில்லை.

நீங்களே சோதித்துப் பாருங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கால்களைச் சேர்த்து, கைகளை மார்பின் குறுக்கே வையுங்கள். முழங்கால் அசையாமல் தோள்களை இருபுறமும் திருப்புங்கள். நேராகப் பார்ப்பதற்கும் பக்கவாட்டில் பார்ப்பதற்கும் நடுப்பாதி வரை, அதாவது 45 டிகிரி வரை வர வேண்டும். எனக்கு வலப்பக்கம் அதில் பாதிகூட வரவில்லை.

கிரிக்கெட் விட்டுப் போன பழக்கம்

நம்மில் பலருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த கைகள் நமது. பந்தைக் கண்டாலே தோளையும் கையையும் கொண்டு விளாசத் தோன்றும். கோல்ஃபில் வலது கைக்காரர் அப்படிச் செய்தால், கிளப் வெளிப்புறமிருந்து உள்நோக்கி வெட்டிக்கொண்டு வருகிறது. கிளப்பின் முகம் அந்தப் பாதைக்கு வலப்பக்கமாகத் திறந்திருக்கிறது. பந்து வாழைப்பழம்போல் வலப்பக்கம் வளைந்து போகிறது. இதுதான் ஸ்லைஸ்.

ஸ்லைஸ் வந்ததும் நாம் இன்னும் பலமாக அடிக்கிறோம். இன்னும் அதிகமாக வளைகிறது. பிறகு கடைக்குப் போய் 500 டாலருக்குப் புதிய டிரைவர் வாங்குகிறோம். ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம்!

பயிற்சியாளர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு ஒன்று விளங்கியது. பந்தைக் கெடுப்பதும் முதுகைக் கெடுப்பதும் ஒரே தவறுதான். உடல் திரும்பாத இடத்தைக் கையின் பலத்தால் ஈடுகட்டப் பார்ப்பதே அந்தத் தவறு. ஒன்றைத் திருத்தினால் மற்றதும் திருந்தும்.

வீச்சில் ஐந்து திருத்தங்கள்

கீழே உள்ளவை வலது கைக்காரருக்கு. இடது கைக்காரர் மாற்றிக்கொள்ளவும்.

1. பிடி: இடக் கையைப் பிடியில் வைத்து மேலிருந்து பார்க்கும்போது இரண்டு அல்லது மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்றுமட்டும் தெரிந்தால் கிளப்பின் முகம் திறக்கவே வாய்ப்பு அதிகம். இறுக்கம் பத்துக்கு நான்கு போதும். கை இறுகினால் தோளும் இறுகும்.

2. நிற்கும் விதம்: முதுகை வளைத்துக் குனியாதீர்கள். பின்னால் இருக்கும் நாற்காலியில் உட்காரப் போவதுபோல் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முதுகு நேராக இருக்கச் சாயுங்கள். கைகள் தோளிலிருந்து தானாகத் தொங்கட்டும்.

3. பாதங்கள்: இரண்டு பாதங்களின் நுனியையும் சற்று வெளிப்புறமாகத் திருப்பி வையுங்கள். இடுப்பு மூட்டு எளிதாகத் திரும்பும். கிளப்பைப் பின்னுக்குக் கொண்டு போகும்போது இடது குதிகால் சிறிது மேலெழுந்தால் எழட்டும். ஜாக் நிக்லாஸ் குதிகாலை உயர்த்தித்தான் ஆடினார். அவர் வென்ற பெரும் பட்டங்கள் 18. இடுப்பை அசைக்காமல் தோளை மட்டும் முறுக்கும் இளம் தொழில்முறை வீரர்களைத் தொலைக்காட்சியில் பார்த்து நாம் அப்படியே செய்யப் போகக் கூடாது.

4. அளவு: முக்கால் வீச்சு போதும். கிளப் தலைக்குப் பின்னால் தரைக்கு இணையாகப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கீழே வரும்போது முதலில் இடது காலில் எடையை ஊன்றுங்கள்; பிறகு இடுப்பு; கைகள் கடைசியாக வரட்டும். முடிவில் வயிறு இலக்கை நோக்கி இருக்க வேண்டும். வலது குதிகால் தரையை விட்டு எழுந்திருக்க வேண்டும். அந்த நிலையில் மூன்று நொடி ஆடாமல் நில்லுங்கள். நிற்க முடியவில்லை என்றால் அளவுக்கு மீறி வீசிவிட்டீர்கள் என்று பொருள்.

5. தாளம்: தேர்ந்த ஆட்டக்காரர்களின் வீச்சைப் படமெடுத்துப் பார்த்தால், பின்னே போகும் நேரம் மூன்று பங்கு என்றால் கீழே வந்து பந்தைத் தொடும் நேரம் ஒரு பங்கு என்ற கணக்கு பலரிடம் காணப்படுகிறது. என் மகள் பாட்டு வகுப்பில் போடும் "தகதிமி"யை நான் பயன்படுத்திக்கொண்டேன். "தகதி" என்று பின்னே. "மி" என்று பந்து. பதறாத காரியம் சிதறாது என்பது கோல்ஃபுக்காகவே சொன்னதுபோல் இருக்கிறது.

தொழில்முறை வீரர்கள் டிரைவரை மணிக்குச் சுமார் 115 மைல் வேகத்தில் வீசுகிறார்கள். அதற்கு விலையும் கொடுக்கிறார்கள். டைகர் உட்ஸ் 2014-இலிருந்து பலமுறை முதுகு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2017-இல் கீழ் முதுகின் எலும்புகளை இணைத்த பிறகே, 2019-இல் மீண்டும் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். அவர் உடலுக்கே அந்தக் கதி என்றால் நம் உடல் எம்மாத்திரம்?

வீட்டில் பத்து நிமிடம்

வாரத்தில் நான்கைந்து நாட்கள் செய்தால் போதும். வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

திறக்கும் புத்தகம்: ஒரு பக்கமாகப் படுத்து, முழங்கால்களை மடக்கி, இரு உள்ளங்கைகளையும் முன்னால் சேர்த்து வையுங்கள். முழங்கால் நகராமல் மேல் கையை மட்டும் மறுபக்கம் விரியுங்கள். கண்களும் கையோடு போகட்டும். பக்கத்துக்கு 8 முறை.

முழங்கால் சாய்த்தல்: மல்லாந்து படுத்து, பாதங்களை அகலமாக ஊன்றி, இரு முழங்கால்களையும் மெதுவாக இடமும் வலமும் சாயுங்கள். 10 முறை.

பாலம்: அதே நிலையில் பாதங்களைச் சற்று நெருக்கி, இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்தி மூன்று நொடி நிறுத்துங்கள். 10 முறை. இது பிட்டத் தசைகளுக்கு வலு தரும்.

துடைப்பக் கம்பு: கம்பை முதுகோடு செங்குத்தாகப் பிடியுங்கள். பின் தலை, மேல் முதுகு, வால் எலும்பு மூன்றும் கம்பைத் தொட்டபடியே இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்து எழுங்கள். 10 முறை. மைதானத்தில் நிற்க வேண்டிய நிலை இதுவேதான்.

மைதானத்தில் கவனிக்க

காரிலிருந்து இறங்கி நேராக டிரைவரை எடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் வேகமாக நடந்து, கிளப்பைத் தோளின் குறுக்கே வைத்து இருபுறமும் மெல்லத் திரும்புங்கள். பிறகு சிறிய கிளப்பால் அரை வீச்சிலிருந்து தொடங்குங்கள். பயிற்சி இடத்தில் நூறு பந்துகளை மூச்சுவிடாமல் அடிப்பதைவிட, இடையிடையே நின்று 40 பந்துகள் அடிப்பது மேல். அதில் டிரைவருக்கு ஐந்து போதும்.

பையைத் தோளில் தூக்காமல் தள்ளுவண்டியில் வைத்து நடங்கள். குழியிலிருந்து பந்தை எடுக்கும்போது, கிளப்பை ஊன்றி ஒரு காலைப் பின்னே தூக்கிச் சாய்ந்து எடுங்கள்.

நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், நான்கு மணி நேர நடையில் சர்க்கரை இறங்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். குளுக்கோஸ் மாத்திரையோ பழச்சாறோ பையில் இருக்கட்டும். உடன் ஆடுபவரிடமும் சொல்லி வையுங்கள்.

வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ, சில வாரங்களாகியும் குறையாவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். காலில் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கில் உணர்வு இல்லாமல் போனாலோ, சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ முடியாமல் போனாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

ஆடுவதால் என்ன நன்மை?

இத்தனை தொல்லை எதற்கு என்பீர்கள். பதினெட்டுக் குழிகளையும் நடந்து முடித்தால் எட்டுக் கிலோமீட்டருக்குக் குறையாது. சுவீடனில் சுமார் மூன்று லட்சம் ஆட்டக்காரர்களின் பதிவுகளை ஆராய்ந்து, கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 2008-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அதே வயது, அதே வசதி உடைய மற்றவர்களைவிட அவர்களிடம் இறப்பு விகிதம் 40 சதவீதம் குறைவாக இருந்ததாம். கோல்ஃப் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சர்க்கரையும் இதய நோயும் எளிதில் பிடிக்கும் நம் போன்ற தெற்காசியர்களுக்கு வாரந்தோறும் நீண்ட நடை நல்லது என்பதில் ஐயமில்லை. வண்டியில் போகாமல் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் கதைக்கு வருகிறேன். 2024 கோடை முழுவதும் டிரைவரைத் தொடவில்லை. அரை வீச்சும் துடைப்பக் கம்பும்தான். 2025 ஏப்ரலில் மீண்டும் அதே ஏழாவது குழி. "தகதிமி" என்று மனதுக்குள் சொல்லி முக்கால் வீச்சு வீசினேன். பந்து முன்பு போன தூரம் போகவில்லை. ஆனால் புல்வெளியின் நடுவில் கிடந்தது. "அப்பா, இவ்வளவு நாளா நீங்க பந்தோட சண்டை போட்டுக்கிட்டிருந்தீங்க. இன்னிக்குத்தான் அடிச்சிருக்கீங்க" என்றான் மகன்.

அந்தக் கோடையின் முடிவில் ஹேண்டிகேப் 28-லிருந்து 24-க்கு வந்தது. ஆகஸ்டில் அவனைக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட்டபோது, அவன் பெட்டிகளை இரண்டு மாடி நானே தூக்கி ஏறினேன். முதுகு ஒன்றும் சொல்லவில்லை. விடுமுறைக்கு வரும்போது ஆடுவதற்கு இப்போதே நேரம் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறான்.

உங்கள் பந்து நேராகப் போகட்டும். போகாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் நிமிர்ந்து வீடு திரும்புங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.