நம் தோட்டத்து அயலில் பழங்கடாரம்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் எங்கேயாவது கூட்டிப் போகச் சொல்லிக் கேட்கிறார்கள். நாமும் பஸ் பேசிக்கொண்டு கோலாலம்பூருக்கோ, பினாங்குக்கோ, கேமரன் மலைக்கோ போய் வருகிறோம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் நம் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில் பார்க்கத் தக்கது என்ன இருக்கிறது என்று கேட்டால், நம்மில் பலருக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. அருகில் இருப்பதனாலேயே அது கண்ணில் படாமல் போகிறது. அத்தகைய இடம் ஒன்றைப் பற்றி இன்று பேசுவோம்.

கெடா மாநிலத்தின் தென்பகுதியில் சுங்கைப் பட்டாணி, பீடோங், செமிலிங், மெர்போக் என்னும் ஊர்கள் உள்ளன. இவற்றைச் சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்களில் நம்மவர் பல தலைமுறைகளாகப் பால் வெட்டி வாழ்ந்தவர்கள். தோட்டத் துண்டாடலுக்குப் பின் டவுனுக்கும் தாமானுக்கும் குடிபெயர்ந்தவர்களும் உண்டு. காலையில் பிரட்டுக்கு நின்றவர்கள் எல்லாரும் நாள்தோறும் பார்த்த மலை ஒன்று அங்கே இருக்கிறது. அதுதான் ஜெராய் மலை. கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்குச் சற்று மேலான உயரம். சமவெளியிலிருந்து தனியாக எழுந்து நிற்பதால் கடலில் நெடுந்தொலைவிலிருந்தே தெரியும்.

இந்த மலை ஏன் முக்கியமானது? திசை காட்டும் கருவிகள் இல்லாத காலத்தில் வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு இதுவே அடையாளம். பாய்மரக் கப்பல் காற்றை நம்பியது. ஒரு பருவக் காற்று கப்பலைக் கிழக்கே தள்ளும். மறு பருவக் காற்று மேற்கே தள்ளும். காற்று திரும்பும் வரை வணிகர்கள் கரையில் காத்திருக்க வேண்டும். தங்க இடம், குடிக்க நல்ல தண்ணீர், கப்பலைக் கட்டிவைக்க அமைதியான ஆற்று முகம் ஆகிய மூன்றும் ஜெராய் மலையடிவாரத்தில் கிடைத்தன. அந்நாளில் கடல் இன்றைக்கு இருப்பதைவிட உள்ளே தள்ளி மலையை ஒட்டி இருந்தது. பின்னர் ஆறுகள் கொண்டுவந்த வண்டல் கரையை மேற்கே நகர்த்தியது. ஆகவேதான் பழைய துறைமுகத்தின் சுவடுகள் இன்று வயலுக்கும் தோட்டத்துக்கும் நடுவே கிடக்கின்றன. இந்தப் பகுதிக்குப் பெயர் பூஜாங் பள்ளத்தாக்கு.

இங்கே பழைய கட்டடங்கள் இருப்பதை 1840-களில் ஜேம்ஸ் லோ என்னும் பிரிட்டிஷ் அதிகாரி எழுதிவைத்தார். 1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்பவரும் அவர் மனைவியாரும் ஏறக்குறைய முப்பது இடங்களைத் தோண்டி ஆராய்ந்தனர். மெர்போக்கில் உள்ள புக்கிட் பத்து பஹாட் சண்டி 1960-ஆம் ஆண்டளவில் அதே இடத்தில் மீண்டும் அடுக்கி நிறுத்தப்பட்டது. 'சண்டி' என்றால் மலாய் மொழியில் பழங்கோயில். 'பத்து பஹாட்' என்றால் உளியால் செதுக்கிய கல். இதன் பக்கத்திலேயே 1980-இல் அரும்பொருளகமும் திறக்கப்பட்டது. வேறிடங்களில் கிடைத்த சில சண்டிகளையும் பெயர்த்து வந்து அங்கே அமைத்திருக்கிறார்கள்.

அந்தச் சண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் கோபுரத்தை எதிர்பார்த்தால் ஏமாந்து போவார்கள். கோபுரமும் இல்லை, கூரையும் இல்லை. கருங்கல் அடித்தளம்தான் உண்டு. ஆனால் பொறுமையாகப் பாருங்கள். ஒரு பக்கம் கருவறை. அதற்கு முன்னால் மண்டபம். மண்டபத் தரையில் தூண் நிற்பதற்கான கல் ஆதாரங்கள் வரிசையாக இருக்கும். மேலே நின்றவை மரத் தூண்கள். கூரையும் மரமும் ஓலையும் போன்ற மட்கும் பொருள்தான். நம் ஊர் மழையிலும் கறையானிலும் அவை அழிந்தன. கல் மட்டும் தங்கியது. அடித்தளத்தில் புதைத்து வைத்திருந்த சிறு கல் பேழைகளும் கிடைத்தன. கோயில் கட்டும்போது பொன், மணி வைத்துப் புதைக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. பிள்ளைகளிடம் இவற்றை விளக்கிச் சொன்னால், வெறும் கல் என்று ஓடிவிட மாட்டார்கள். பக்கத்திலேயே சிற்றாறு ஒன்று பாறைகளின் மீது ஓடுகிறது. அதில் கால் நனைத்துவிட்டு வரலாம்.

நேயர்களே, நம் பழைய நூல்கள் கூறும் கடாரம் இந்தப் பகுதியே என்பது அறிஞர் பலரின் முடிவு. காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து குவிந்த பொருள்களில் காழகத்துப் பொருளும் ஒன்று என்று பட்டினப்பாலை கூறுகிறது. காழகம் என்பது கடாரம் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். 1006-ஆம் ஆண்டளவில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரைக்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். அவன் மகன் இராசேந்திரனோ 1025-இல் கடற்படை அனுப்பிக் கடாரத்தைத் தாக்கினான். நட்பும் இருந்தது, பகையும் வந்தது.

அப்படியானால் இந்தச் சண்டிகளைச் சோழர்தாம் கட்டினார்கள் என்று சொல்லிவிடலாமா? கூடாது. அவற்றுள் சில சோழர் காலத்துக்கு முந்தியவை. புத்த சமயத்துக்கு உரியவையும் பல. இந்த மண்ணின் மக்களும் பல நாட்டு வணிகர்களும் கலந்து வாழ்ந்த இடம் இது. பெங்காலான் பூஜாங் என்னும் இடத்தில் சீனத்துப் பீங்கான் ஓடுகளும் கண்ணாடி மணிகளும் ஏராளமாகக் கிடைத்தன. எல்லாருக்கும் பங்குள்ள சொத்து என்று பார்ப்பதே இதற்குப் பெருமை.

இனி, நமக்கு மிக நெருக்கமான செய்தி ஒன்று. சுங்கை பத்து என்னும் இடத்தில் செம்பனை மரங்களுக்கு நடுவே சில மண்மேடுகள் இருந்தன. வேலைக்குப் போனவர்கள் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்திருப்பார்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோண்டியபோது, அவற்றின் அடியில் செங்கல் கட்டடங்களும் இரும்பு உருக்கிய உலைகளும் வெளிப்பட்டன. உலைக்குள் துருத்தியால் காற்று ஊதப் பயன்பட்ட சுட்ட மண் குழாய்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. அந்த உலைகளில் வெந்து உழைத்தவர்களும் கூலிக்காரர்கள்தாமே! அரசர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. உழைப்பாளியின் பெயர் எங்கும் இல்லை. அவன் செய்த மண் குழாய் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

பார்க்காமல் விட்டால் என்ன நட்டம் என்று சிலர் கேட்கலாம். 2013-ஆம் ஆண்டு இதே பள்ளத்தாக்கில், தனியார் நிலத்தில் இருந்த பதினோராம் எண் சண்டி, வீடமைப்பு வேலைக்காக நிலத்தைத் திருத்தியபோது இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி வெளிவந்த பிறகே நாடு முழுவதும் அதைப் பற்றிப் பேசியது. பேச்சு எழுந்தபோது சண்டி இல்லை. அக்கம்பக்கத்தார் அறிந்து, மதித்து, அடிக்கடி போய்வரும் இடத்தை யாரும் சத்தமில்லாமல் இடித்துவிட முடியாது. அறிந்தவர் இல்லாத இடத்துக்குக் காவலும் இல்லை.

கெடாவில் மட்டும்தானா இப்படி? மூடா ஆற்றைக் கடந்து தெற்கே போனால் புக்கிட் மெர்தாஜாம். அங்குள்ள செயின்ட் ஆன் தேவாலயத் திருவிழாவுக்கு ஜூலை மாதத்தில் சாதி மத வேறுபாடின்றி நம்மவர் திரளாகப் போகிறோம். மெழுகுவர்த்தி ஏற்றி வணங்குகிறோம். அந்தத் தேவாலய வளாகத்திலேயே செரோக் தொக்குன் என்னும் பெரும்பாறை இருக்கிறது. அதில் பல்லவர் எழுத்து வகையில் பொறித்த வடமொழிச் சொற்கள் உள்ளன. அவை ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டியவை என்று கருதுகிறார்கள். திருவிழாவுக்குப் போகும் குடும்பங்களில் எத்தனை பேர் அந்தப் பாறையருகே ஒரு நிமிடம் நின்றிருப்போம்?

ஆகவே, நேயர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பக்கத்து இடத்துக்காக ஒதுக்குங்கள். கட்டுச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். அரும்பொருளகம் திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டறியுங்கள். பிள்ளைகள் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, பார்த்ததை வரையச் சொல்லுங்கள். அங்கிருந்து ஓர் ஓட்டுத் துண்டைக்கூட எடுத்து வராதீர்கள். கல்லில் பெயர் கீறாதீர்கள். தோட்டத்திலோ கால்வாய் வெட்டும்போதோ பழைய செங்கல், ஓடு, மணி தென்பட்டால் மேற்கொண்டு தோண்டாமல் மாவட்ட அதிகாரிக்குத் தெரிவியுங்கள். 2005-ஆம் ஆண்டின் தேசிய பாரம்பரியச் சட்டம் அவ்வாறே சொல்கிறது.

வீட்டுப் பெரியவர்களையும் கேளுங்கள். எந்த நிரையில் மேடு இருந்தது, எந்த ஓடையில் செதுக்கிய கல் கிடந்தது என்பதெல்லாம் பால் வெட்டியவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள்.